நாற்பது விநாடி மௌனம்

அந்த மாடி அறைக்கு வருகிறவர்கள் அவரைக் காதுக்காரர் என்பார்கள். முகத்துக்கு நேரே சார், படியிறங்கியதும் காதுக்காரர். பட்டப்பெயர்களில் பாதிக்கு மேல் கேலிக்கு வைப்பவை. இது மரியாதைக்கு வைத்தது. தெரிந்தும் தெரியாததுபோல இருந்துகொள்வார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும், "இன்னிக்கும் ஒருத்தர் வாய் தவறி காதுக்காரர்னு சொல்லிட்டாரு" என்பார்.

"எந்தக் காது? நான் அஞ்சு தடவை கூப்பிட்டும் கேக்காத காதா?" என்பாள் அவள்.

மனைவி கூப்பிட்டு முதல் தடவையே காதில் விழுகிற புருஷன் எந்த ஊரில் இருக்கிறான்? அதனால் இரண்டு பேரும் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒருவராவது கொஞ்சம் வினையாக எடுத்திருக்கலாம்.

பிழைப்புக்கு அவர் கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சூளையிலிருந்து வெளியே வரும் பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வரும். ஒரு பாட்டில் இன்னொன்றில் இடித்தால் அழகான சத்தம். நிமிஷத்துக்கு முந்நூறு பாட்டில் இடித்தால் மண்டையில் ஊசி இறக்குவது போலிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் இருபத்தெட்டு வருஷம் நின்றார். காதில் வைத்துக்கொள்ள மஞ்சள் நிறத்தில் நுரை அடைப்பான் கொடுப்பார்கள். அதை வாங்கி மறக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "இதை வெச்சுக்கிட்டா எங்க உடையுதுன்னு எப்படித் தெரியும்?" என்பது அவர் வாதம். உடைந்தது எதுவென்று அவருக்குத் தெரிய வந்தபோது ஐம்பத்தாறு வயதாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவர் வேறு மனிதர். டயர் கடைக்கு மேலே ஒரு அறை. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருப்பார்கள், எதிரொலி வராமல் இருக்க. பதினோரு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு ஸ்பீக்கர், ஒரு மேஜை. அங்கே கூடுகிற எல்லோரும் சொந்தமாக இசை அமைக்கிறவர்கள். பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது, வெறும் வாத்திய இசை. தொலைதூர பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர், ஒரு தையல்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டைப்பிங் டீச்சர், வரி அலுவலகக் குமாஸ்தா என்று இப்படித்தான். யாருடைய இசையும் எந்த மேடைக்கும் போகப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வருவார்கள். இசை ஓடும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். வேர்த்து வழிய உட்கார்ந்து கேட்பார்கள்.

காதுக்காரர் ஒரு ஸ்வரம்கூட அமைத்ததில்லை என்று அங்கே பலர் நினைத்தார்கள். ஒன்று அமைத்திருக்கிறார், பத்தொன்பது வயதில். அதை ஒரு வாத்தியக் குழுத் தலைவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். அந்த ஆள் பல் குத்திக்கொண்டே கேட்டுவிட்டு, "குப்பை" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எந்த இடம் குப்பை, ஏன் குப்பை, எதைப் பெருக்கினால் வீடாகும், ஒன்றும் சொல்லவில்லை. அதோடு சரி. பிற்பாடு இவர் செய்ததெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பதில்தான். யாருக்கும் வெறுமனே நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார், நன்றாக இல்லை என்றும் சொல்லமாட்டார். எங்கே, எந்த விநாடியில், என்ன செய்தால் சரியாகும் என்று சொல்லுவார்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். இசை ஓடி முடிந்ததும் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் ஒரு பச்சைத் தாளில் எழுதுவார். தாளில் மூன்று தலைப்பு: கேட்டது, தொய்ந்தது, செய்யலாம். கேட்டது என்பதற்குக் கீழே நல்லது கெட்டது பார்க்காமல், காதில் என்னென்ன விழுந்தது என்பதை மட்டும் வரிசையாக எழுதுவார். தொய்ந்தது என்பதில் நிமிஷமும் விநாடியும் இருக்கும். செய்யலாம் என்பதில் ஒரே ஒரு யோசனை, ஒன்றுக்கு மேல் கிடையாது. எழுதியதை உரக்கப் படித்துவிட்டு இசை அமைத்தவர் கையில் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர் பதில் பேசக் கூடாது. "இல்ல சார், நான் என்ன நெனச்சேன்னா" என்று யாராவது தொடங்கினால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

"கேக்கறவங்க வீட்டுக்கெல்லாம் போய் நீங்க நெனச்சதைச் சொல்லிக்கிட்டா இருப்பீங்க? இசை சொல்லணும். அது சொல்லலைன்னா திருத்திக் கொண்டு வாங்க."

திருத்தித் திருத்தி ஒரு நாள் தலைப்புகள் மூன்றையும் காலியாக விட்டு, அடியில் 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளுக்காகத்தான் அத்தனை பேரும் வேர்வையில் உட்கார்ந்திருப்பது. தையல்காரர் தன்னுடைய 'முடிந்தது' தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தார். அளவு கொடுக்க வருகிறவர்கள் அது ஏதோ லைசென்ஸ் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல நாளில் அவர் கெட்டிக்காரர்தான். டிரைவர் எட்டு நிமிஷத்துக்கு ஒன்று அமைத்துக்கொண்டு வந்தார். அதற்கு இவர் எழுதிய தாள் இன்னும் பேசப்படுகிறது: 'ஐந்தாவது நிமிஷத்தில் ஊர் வந்துவிட்டது, பயணிகள் இறங்கிவிட்டார்கள். மீதி மூன்று நிமிஷமும் காலி பஸ் ஓடுகிறது. செய்யலாம்: ஐந்தில் நிறுத்தவும்.' டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்தில் நிறுத்திப் போட்டுக் கேட்டபோது அவர் கண்ணே கலங்கிவிட்டது.

பிறகு குருவிகள் போயின. காலையில் ஜன்னலோரம் கத்துகிற குருவிகள் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டன என்று நினைத்தார். கொதித்ததும் விசில் அடிக்கிற கெட்டில் பழுதாகிவிட்டது என்று புதிதாக வாங்கி வந்தார். அதுவும் பழுது. கைக்கடிகாரத்தின் அலாரம் அடித்துக்கொண்டே இருக்க, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் முறைத்தார்கள். கனமான சத்தம் எல்லாம் முன்பு போலவே கேட்டது. லாரி கேட்டது, கதவு கேட்டது, ஆண்கள் பேச்சு கேட்டது. மெலிதாக, உயரத்தில் இருக்கிற சத்தங்கள் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொன்றாக எழுந்து போய்க்கொண்டிருந்தன.

வருஷத்துக்கு ஒருமுறை தொழிற்சாலைக்குக் காது பரிசோதனை வண்டி வரும். உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு. ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது, வெகு நேரமாக ஒன்றும் கேட்கவில்லை என்பதை அவர் உணர்ந்தார். வெளியே மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கை எதிர்க் கண்ணாடியில் தெரிந்தது. அவள் விரல் ஒவ்வொரு முறை அசையும்போதும் இவர் பொத்தானை அழுத்தினார். ஒன்று விடாமல் அழுத்தினால் சந்தேகம் வரும் என்று நடுவில் இரண்டை விட்டும் வைத்தார். 'வயதுக்கு ஏற்ற நல்ல செவித்திறன்' என்று தாள் வந்தது. அதைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. காது போனவர்களைக் கிடங்குக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்றுதான் பயந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். இவர் விஷயத்தில் பூனை அதையும் தாண்டிப் போய், பூலோகம் இருட்டாக இருக்கிறது, விளக்கை ஏற்றுங்கள் என்று ஊருக்கே சொல்ல ஆரம்பித்தது. அந்த இரண்டு வருஷத்தில் வந்த பச்சைத் தாள்களை எடுத்துப் பார்த்தால் பாதியில் ஒரே யோசனை: 'மேல் ஸ்தாயி போதவில்லை. இன்னும் கூர்மை வேண்டும்.' எல்லோரும் கூர்மையாக்கினார்கள். டைப்பிங் டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி மாத்திரை எடுத்துவர ஆரம்பித்தார். வயசாகிறது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

லேப்காரம்மா வந்தது அந்தச் சமயத்தில்தான். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள், நாற்பத்திரண்டு வயது, அம்மாவோடு தனியாக இருந்தாள். அம்மா பெண்கள் விடுதி ஒன்றில் முப்பது வருஷம் காவலாளியாக இருந்தவள். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து, முப்பது நாற்பது சாவி இருக்கும். சின்ன வயதில் லேப்காரம்மா வீட்டுக்குள் பூட்டப்பட்டுத் தனியாக இருப்பாள், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால். படியில் சாவிக்கொத்தின் கலகலப்பு தூரத்தில் கேட்க ஆரம்பிக்கும், மாடி மாடியாக ஏறி வரும், வாசலில் வந்து நிற்கும். அதுவரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம்.

அதைத்தான் அவள் இசையாக்கிக்கொண்டு வந்தாள். ஏழு நிமிஷம். கனமான தந்திகளில் மெதுவாகத் தொடங்கும். மூன்று நிமிஷம் பத்தாவது விநாடியில் எல்லாம் நின்றுவிடும். பிறகு நாற்பது விநாடிக்கு, வேறு எதுவுமே இல்லாமல், கீபோர்டின் வலது ஓரத்துக்கும் மேலே, சின்னச் சின்ன மணிகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் தூரத்திலிருந்து நெருங்கி வரும். வாசலுக்கு வந்ததும் தந்திகள் மறுபடி எழும்.

இதை எதற்காக அமைத்தாள் என்று அவள் அறையில் சொல்லவில்லை. கதை சொல்லக் கூடாது என்பது விதி. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, ஐந்தாறு மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் எழுதிக்கொண்டிருப்பது அம்மாவுக்குத் தெரியும். "முடிச்சிட்டுப் போடு. அரைகுறையா எதையும் எங்கிட்ட காட்டாதே" என்று சொல்லியிருந்தாள். விடுதியில் பாதி பூட்டிய பூட்டு என்று ஒன்று கிடையாது அல்லவா. முடிந்ததா இல்லையா என்பதைச் சொல்ல ஒரு காதுக்காரர் இருக்கிறார் என்றும் அம்மாவுக்குத் தெரியும்.

அந்த முதல் ஞாயிறு அறையில் நாற்பது விநாடியும் ஒரு நாற்காலி அசையவில்லை. காதுக்காரர் எழுதிப் படித்தார்: "கேட்டது: தந்திகள், நல்ல கனம். பிறகு நாற்பது விநாடி மௌனம். பிறகு தந்திகள். தொய்ந்தது: அந்த மௌனம். துணிச்சல்தான், ஆனால் கேட்பவர் வழி தெரியாமல் நிற்கிறார். செய்யலாம்: அங்கே மேலே ஏதாவது வைக்கவும்."

லேப்காரம்மாவுக்கு வாய்வரைக்கும் வந்தது. பதில் பேசக் கூடாது. தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மணிச்சத்தம் மெலிதாகப் போய்விட்டது போலிருக்கிறது, ஸ்பீக்கரில் எடுபடவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மற்ற பத்துப் பேருக்கும் மணி கேட்டது. இங்கேதான் வேடிக்கை, வேடிக்கை என்று சொல்ல மனசு வரவில்லை. ஒருவர்கூட, "சார், மணி கேட்டுதே" என்று சொல்லவில்லை. காதுக்காரர் மௌனம் என்றால் ஏதோ ஆழமாகச் சொல்கிறார் என்று டிரைவர் நினைத்தார். சத்தம் இருக்கிறது, இசை இல்லை என்று அர்த்தமாம். குமாஸ்தா தன் காதில்தான் ஏதோ இரைச்சல் என்று நினைத்தார். தையல்காரர், "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நினைத்தார். இத்தனை பேர் காதும் ஒரு தாளுக்கு அடங்கிப்போயிற்று.

மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் ஒருவருடைய முறை வரும். இரண்டாம் முறை மணிகளை இரண்டு மடங்கு சத்தமாக்கிக் கொண்டுவந்தாள். 'இன்னும் வெறுமை' என்று தாள் வந்தது. அதற்குள் அம்மா மாடிப்படி ஏறுவதை நிறுத்தியிருந்தாள். மூன்றாம் முறை மணிகளோடு உலோகத் தகட்டுச் சத்தத்தையும் சேர்த்தாள். 'மௌனத்தை விட மாட்டேன் என்று பிடிவாதம் தெரிகிறது. கேட்பவர்மேல் இரக்கம் வையுங்கள்.' அன்றைக்குப் படியிறங்கும்போது அவரை நிறுத்தினாள்.

"சார், கொஞ்சம் சீக்கிரம் முடிஞ்சா நல்லா இருக்கும். அம்மாவுக்கு உடம்பு..."

"கதையை வெளியில வெச்சிரும்மா" என்றார் அவர், அன்பாகத்தான். "இசைக்கு அவசரம் தெரியாது. அவசரப்பட்டு முடிச்சிட்டா பின்னாடி நீதான் வருத்தப்படுவே."

அந்த வாக்கியத்தை வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொல்லிக் காட்டினார். நன்றாக வந்திருக்கிறது என்று அவருக்கு எண்ணம்.

நான்காம் முறை மணிகளைக் கூராக்கி, கிழிகிற அளவுக்கு ஏற்றியிருந்தாள். அவர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ ஒரு நூலிழை காதில் பட்டது. 'இப்போதுதான் உயிர் வருகிறது. இன்னும் இரண்டு பங்கு.' அம்மாவை அந்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. லேப்காரம்மா அடித்தளத்தில் ரத்தக் குழாய்களுக்கு நடுவில் வேலை பார்த்துவிட்டு நான்காம் மாடிக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள்.

"எழுதிட்டாரா?" என்று அம்மா கேட்பாள்.

"இன்னும் இல்லம்மா. கிட்ட வந்துடுச்சு."

ஐந்தாம் முறை வந்தபோது அறையில் நாற்பது விநாடியும் டைப்பிங் டீச்சர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். காதுக்காரர் அவர்களைப் பார்த்தார். உருகிப்போய்விட்டார்கள் என்று நினைத்தார். தலைப்புகளைக் காலியாக விட்டு, 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லேப்காரம்மா தாளை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். முதலில் தட்டியவர் டைப்பிங் டீச்சர்.

செவ்வாய்க்கிழமை மதியம் சின்ன ஸ்பீக்கரை அம்மாவின் தலைமாட்டில் வைத்தாள். பச்சைத் தாளைக் காட்டினாள். அம்மா தாளைத் தொட்டுப் பார்த்தாள். தந்திகள் வந்தபோது முகம் தளர்ந்திருந்தது. மூன்று நிமிஷம் பத்து விநாடி ஆனதும் கை மேலே எழுந்தது. ஊசி ஏறிக்கொண்டிருந்த கை. காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"நிறுத்துடி. போதும்."

பக்கத்துக் கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்திவிட்டாள். அதற்குமேல் அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. வியாழக்கிழமை விடிவதற்குள் போய்விட்டாள்.

சாவுச் செய்தியை டிரைவர்தான் காதுக்காரருக்குச் சொன்னார். லேப்காரம்மா நான்கு ஞாயிறு வரவில்லை. ஐந்தாவது வாரம் சனிக்கிழமை காலை, அவர் விடுமுறையில் மூன்றாம் மாடி வீட்டில் இருந்தபோது, தோளில் ஒரு பையோடு வந்து நின்றாள்.

"வாம்மா, உக்காரு. கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருந்துச்சு."

உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே அவர் மனைவி தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், நான் பதில் பேச வரலை" என்றாள். "கேக்கத்தான் வந்தேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். காதைப் பொத்திக்கிட்டாங்க. நிறுத்துன்னு சொல்லிட்டாங்க. நான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். நீங்க முடிஞ்சதுன்னு எழுதின பிறகு நான் ஒண்ணையும் மாத்தலை. அப்போ அதுக்கு முன்னாடியே எங்கயோ தப்பு. அஞ்சையும் கொண்டு வந்திருக்கேன். வரிசையா கேட்டு எழுதித் தாங்க சார். எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

நம்பிக்கை என்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். அவளுக்கு வேறு யாரிடம் போய்க் கேட்பதென்று தெரியவில்லை.

அவர் ஃபேனை நிறுத்தினார். பச்சைத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். அவள் ஸ்பீக்கரை மேஜையில் வைத்து முதலாவதைப் போட்டாள். தந்திகள் வந்தன. நல்ல கனம் என்று மறுபடியும் நினைத்தார். பிறகு நின்றது. அவர் கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து விநாடி. பதினைந்து.

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளேயிருந்து வந்தாள். இரண்டு பேரையும் தாண்டி நேராக வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"யாரையும் காணோமே. யாரோ சாவிக்கொத்தோட மேல ஏறி வந்தாங்களே" என்றாள்.

காதுக்காரர் நிமிர்ந்தார். "என்ன சத்தம்?"

"சாவிச் சத்தம்ங்க. வாசலுக்கே வந்துடுச்சே. இப்பவும் கேக்குதே, இதோ." திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தாள். "அட, இதுலயா வருது! நான் நெஜமாவே ஆள் வர்றாங்கன்னு..." என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே புருஷன் முகத்தைப் பார்த்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

தந்திகள் மறுபடி எழுந்தன. லேப்காரம்மா கை நீட்டி ஸ்பீக்கரை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் தள்ளி, அந்த நாற்பது விநாடியை மட்டும் திரும்பப் போட்டாள்.

"சார், இப்ப உங்களுக்கு என்ன கேக்குது?"

பொய் சொல்ல இடம் இருந்தது. கண்ணாடிக் கூண்டில் விரலைப் பார்த்து அழுத்தியதுபோல, இப்போதும் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணும் கேக்கலைம்மா."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். கூடவும் இருக்கலாம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் காது பரிசோதனை வண்டியைப் பற்றிச் சொன்னார், கண்ணாடியில் தெரிந்த விரலைப் பற்றிச் சொன்னார். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளை அவள் எட்டிப் பார்த்தாள். "தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது" என்றார்.

"தெரியும்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கோ."

அவள் பையிலிருந்து பழைய பச்சைத் தாள்களை எடுத்தாள். ஐந்தும் மடிப்புக் கலையாமல் இருந்தன. முதல் தாளை மேஜைமேல் பிரித்து வைத்துத் தேதியைப் பார்த்தாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை அம்மா தானே நடந்து போய் பால் வாங்கிட்டு வந்தாங்க" என்றாள். "நான் வீட்டுக்குப் போனதும் முடிஞ்சுதான்னு கேட்டாங்க. இல்லம்மா, நடுவுல மௌனமா இருக்குன்னு சொல்றாருன்னு சொன்னேன். சரி, திருத்துன்னாங்க."

அவர் மேஜைமேல் இருந்த அந்த முதல் தாளை இழுத்தார். 'நாற்பது விநாடி மௌனம்' என்று தன் கையெழுத்தில் இருந்ததை அடித்தார். தொய்ந்தது, செய்யலாம் எல்லாவற்றையும் அடித்தார். அடியில் 'முடிந்தது' என்று எழுதினார்.  கையெழுத்தும் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் தாளைத் தொடவில்லை. "இதையும் கேக்காமதானே சார் எழுதறீங்க?"

"இல்லம்மா, நான் என்ன நெனச்சேன்னா..."

லேப்காரம்மா உள்ளங்கையைக் காட்டினாள். அவர் நிறுத்திவிட்டார்.

ஸ்பீக்கரைப் பைக்குள் வைத்தாள். ஐந்து தாள்களையும் மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். தேநீர் கேட்டாளா வேண்டாமென்றாளா என்பதெல்லாம் பிற்பாடு அவருக்கு நினைவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டியபோது பார்த்தார், அதன் வாரில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கியது, முப்பது நாற்பது சாவி இருக்கும். அவள் நடக்க நடக்க அது ஆடியது. வாசலில் நின்ற அவர் மனைவி வழிவிட்டு ஒதுங்கினாள்.

அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி கதவைச் சாத்தாமல் படிக்கட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"போயிட்டாளா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை" என்றாள் மனைவி. "ரெண்டாவது மாடியில சாவிச் சத்தம் நின்னுடுச்சு. அங்கேயே நின்னுட்டு இருக்கா."